சேர்வராயன் வழியில் ஒரு கொப்பு

கடற்கரையில் பிறந்து, அந்த மணலிலேயே முப்பது வருடம் சைக்கிள் உருட்டித் தபால் கொடுத்த ஒருவன், மகனைத் தேடி ஏற்காட்டு மலைக்குப் போகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் ஊரில் மரியாதை தெரிந்தவர்கள் அதிகம். முதுகுக்குப் பின்னால்தான் சிரித்தார்கள். விசாப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் "யாத்திரை" என்று எழுதிக் கொடுத்தேன். அது முழுப் பொய்யும் இல்லை.

எங்கள் ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில், திருக்கோவில் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள், கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு எங்கள் வாசலால்தான் போவார்கள். என் மகன் சசி ஒன்பது வயதில் என்னோடு நடக்கத் தொடங்கினான். எட்டுத் தடவை நடந்தான். உகந்தையில் கடைசியாகக் கடலில் ஒரு குளிப்பு, அதற்கப்புறம் காடு. காட்டுக்குள் கால் வைக்குமுன் ஒரு பச்சைக் கொப்பை முறித்து, வழிப் பிள்ளையார் இருக்கிற மரத்தில் தொங்கவிட வேண்டும். யானை, கரடி, பாம்பு எதையும் எங்களுக்குக் குறுக்கே விடாதே என்று அவரிடம் கொடுக்கிற மனு அது. சசி கொப்பைத் தொங்கவிட்டதும் மரத்தின் அடியை வலது உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். ஏன் என்று கேட்டால், "பிள்ளையார் நித்திரையோ தெரியாதே அப்பா" என்பான்.

இருபது வயதில், ஒரு பின்னேரம், சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. நான் எழுதாத கடிதம் இல்லை, ஏறாத அலுவலகப் படி இல்லை, படத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்தாத போராட்டப் பந்தல் இல்லை. கடைசியில் அலுவலர்கள் ஒரு மரணப் பத்திரத்தைக் கொண்டுவந்து கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைக்க மாட்டேன் என்றேன்.

இத்தனைக்கும் பிறகு, இந்த வருடம் தைப் பொங்கலுக்கு, பக்கத்து வீட்டு மருமகன் இந்தியாவில் சுற்றுலா போன இடத்தில் எடுத்த வீடியோ ஒன்றைக் காட்டினான். அரை நிமிடம்கூட இல்லை. முன்னால் அவன் மனைவி ஒரு பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால், மங்கலாக, ஒரு ஆள் முதுகைக் காட்டியபடி பச்சைக் கொப்பு ஒன்றை மரக்கவட்டில் தொங்கவிடுகிறான். மரத்தைத் தட்டுகிறான். இரண்டு தட்டு.

அந்த முதுகை நான் போன் சூடாகிற வரைக்கும் பார்த்தேன். என் மனைவி பரமேஸ் ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு இதயத்தில் கோளாறு. மாடிப்படி ஏறக்கூடாது, அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"போய்ப் பாத்திட்டு வாங்க," என்றாள். "அவனெண்டா கூட்டிக்கொண்டு வாங்க. அவனில்லையெண்டா, வந்து அவனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யிங்க. எள்ளும் தண்ணியும் இறைக்காம என்னால கண்ண மூட ஏலா. இனியும் என்னக் காக்க வைக்காதீங்க."

சரி என்று தலையாட்டினேன். அவனில்லை என்றால் நானே என் வாயால் அவனைச் செத்தவன் என்று சொல்ல வேண்டும். அதுதான் ஒப்பந்தம். அப்படி ஒப்பந்தம் போட்டவள்தான் புறப்படுகிற அன்று, சசிக்குப் பிடிக்கும் என்று ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை பிடித்துப் பையில் வைத்தாள்.

சேலத்திலிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸில் வளைவுகளுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கிறார்கள். எங்கள் கரையில் பாதை வளையவே வளையாது. ஒருவன் ஒரு மைலுக்கு அப்பால் வரும்போதே யார் என்று தெரிந்துவிடும். இங்கே பத்தடிக்கு அப்பால் என்ன வருகிறது என்று டிரைவருக்கே தெரியாது. பதின்மூன்றாவது வளைவில் எஞ்சின் பெருமூச்சு விட்டு நின்றது. "எல்லாரும் எறங்கி நில்லுங்க, தண்ணி ஊத்துனாச் சரியாப் போயிரும்," என்றார் கண்டக்டர்.

இறங்கி நின்றதுதான் தாமதம், ஒரு குரங்கு என் பையைப் பிடித்து இழுத்தது. நான் இழுத்தேன். டப்பா கீழே விழுந்து திறந்துகொண்டது. குரங்குகள் குடும்பம் குடும்பமாக வந்து அள்ளிக்கொண்டு போயின. நான் கல்லை எடுத்து எறிந்தேன். அது குரங்கைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் போனது. சனங்கள் சிரித்தார்கள். நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுவிட்டேன்.

கூடைக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து, மிஞ்சியதைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். "எட்டு இருக்குதுங்க பெரியவரே. நொம்ப வெசனப்படாதீங்க. கொரங்கு தின்னது சாமி தின்ன மாதிரிதானுங்க," என்றாள். சாமி என் வீட்டில் தின்றது போதாதா என்று வாய்வரை வந்தது. அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம்.

ஏற்காட்டு டவுனில் லாட்ஜ் மேனேஜர் சேலத்து ஆள். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "கேரளாங்களா?" என்றார். அங்கே எல்லாரும் இதையே கேட்டார்கள். என் தமிழ் என் தமிழ் என்று ஐம்பது வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவனுக்கு அந்த மலையில் முதல் நாளே கிடைத்த பட்டம் மலையாளத்தான். இலங்கை என்று தெரிந்ததும் மேனேஜரின் குரல் தாழ்ந்தது. பாஸ்போர்ட்டை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "ஜெராக்ஸ் ரெண்டு வேணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, ரூல்ஸுங்க." தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? சந்தேகிக்கப்படுவதில் எனக்கு அனுபவம் அதிகம்.

சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் கேட்டேன். சீனியும் தேங்காய்ப் பாலும் ஊற்றித் தந்தார்கள். எங்கள் ஊரில் இடியப்பத்துக்கு ஊற்றுகிற சொதி என்றால் என்ன என்று விளக்கப் போய், பக்கத்து மேசைக்காரர்களும் கூடிவிட்டார்கள். பாலில்லாத தேத்தண்ணி என்றதும் எனக்கு வயிற்றுக் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். ஏரிக்கரையில் கோடை விடுமுறைக் கூட்டம் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு படகு விட்டது. சசி வயதுக்காரர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவனுக்கு இப்போது முப்பத்தெட்டு. இருபது வயதுப் படத்தை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வயதுக்காரனைத் தேடுகிற என்னைப் போல ஒரு கிறுக்கன் அந்த ஏரிக்கரையில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். இருட்டுமுன் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் வாழவந்திக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஊர் ஊராக இறங்கி வீடியோவைக் காட்டுவது என்று திட்டம். ஆளைத் தேடிப் பிடிப்பதுதானே என் தொழில். பெயர் அரைகுறை, ஊர் அரைகுறை, எழுத்தோ கோழி கிளறினது மாதிரி. அப்படி வந்த கடிதங்களையெல்லாம் சேர வேண்டிய கையில் சேர்த்தவன் நான். என் வீட்டு ஆளைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாழவந்தி பஸ் நிறுத்தத்தில் பலாச்சுளை விற்றவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மரம் தெரியுதுங்க. வெள்ளக்கடையில இருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடந்து போவாங்க பாருங்க, அந்த வழியில இருக்கற மரமுங்க. ஆளு யாருன்னு சொல்லத் தெரியலீங்க. முதுவுதானுங்களே தெரியுது?" ஒரு சுளையை என் கையில் வைத்தார். "இன்னும் மூணு நாள்ல திருவிழாங்க. மலையில இருக்கற சனமெல்லாம் அங்கதான் வரும். தேடுற ஆளும் வருவாருங்க." அந்தச் சுளை தேனாக இனித்தது. எனக்கு இனிப்புத் தெரிந்தே பல நாளாகியிருந்தது. அன்றைக்குத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் வெள்ளக்கடை. அங்கே சின்னப்பன் என்பவரைக் கண்டேன். சாமையும் கேழ்வரகும் கொஞ்சம் காப்பியும் போட்டிருக்கிற விவசாயி, தலைமுறை தலைமுறையாக அந்த மலைதான். வீடியோவை நான் கொடுத்த கையோடு, "அட, நம்ம சிலோனுங்க இது!" என்றார்.

சின்னப்பன் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார்.

"அவரு பேர் என்ன?" என்றேன்.

"பேரு என்னமோ ஒண்ணு இருக்குதுங்க. நாங்க சிலோனுன்னே கூப்புட்டுப் பழகிட்டமுங்க. இங்க எஸ்டேட்டுல மொளகு பறிக்க வந்தவனுங்க, அப்புடியே தங்கிட்டான். முப்பத்தஞ்சு, நாப்பது வயசு இருக்குமுங்க. தங்கமான ஆளு. குடும்பம் குட்டி ஒண்ணும் இல்லீங்க."

குடும்பம் இல்லை, வயது சரி. மனம் அப்படியே தாவிக் குதித்தது. உயிரோடு இருந்தால் ஏன் ஒரு கடிதம் போடவில்லை என்ற கேள்வியை நான் பக்கத்திலேயே வரவிடவில்லை. பயந்திருப்பான், தலையில் அடிபட்டு மறந்திருப்பான், எங்களைச் செத்துப்போனோம் என்று நினைத்திருப்பான். அவனுக்காகச் சாட்டுச் சொல்லிச் சொல்லி என் வாய் பழகிவிட்டது.

ஆனால் ஆள் மலையில் இல்லை. கீழே அகதிகள் கேம்பில் கணக்கெடுப்பு, கையெழுத்து வைக்கப் போயிருக்கிறான், திருவிழா அன்றைக்கு நேரே மரத்தடிக்கு வந்துவிடுவான் என்றார் சின்னப்பன். போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. அன்றைக்கே கீழே போகிற எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரைக் கூப்பிட்டு, "சிலோனக் கண்டா, உங்க ஊர்ல இருந்து ஒரு பெரியவரு தேடிக்கிட்டு வந்திருக்காருன்னு சொல்லிருங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பேரு என்னன்னு சொல்லட்டுமுங்க?"

பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

பெயரைச் சொல்லி அனுப்பினால் அவன் சசி இல்லை என்றால் "எனக்கு அப்படி ஒருவரைத் தெரியாது" என்று சாயந்தரமே பதில் வந்துவிடும். அந்தப் பதில் இன்னும் இரண்டு நாள் தள்ளி வரட்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு நாளைக்காவது எனக்கு மகன் இருக்கட்டும்.

"வேண்டாம். பெரியவர் என்று சொன்னால் போதும்," என்றேன்.

முப்பது வருடம் தபாலில் இருந்தவன், அனுப்புநர் பெயர் இல்லாமல் ஒரு செய்தியை அனுப்பினேன். அது போய்ச் சேருகிற இடத்தில் என்ன செய்யும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

சின்னப்பன் என்னை லாட்ஜுக்குத் திரும்ப விடவில்லை. "எங்க ஊட்டுலயே இருங்க. இங்கிருந்தே நடந்துக்கலாமுங்க." சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். எங்கள் வீட்டில் மீன் இல்லாத குழம்பு நோயாளிக்குத்தான். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திருவிழா அன்று விடிந்ததும் நடந்தோம். நாற்பது ஐம்பது பேர் இருப்போம். பெண்கள் தலையில் பொங்கல் பானை, முன்னால் மேளம். கதிர்காம வழியில் நாங்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு போவோம், அலை கூடவே இரைந்துகொண்டு வரும், காலுக்கடியில் மணல் சுடும். இங்கே காலுக்கடியில் ஈரச் சருகு. இரண்டு பக்கமும் காப்பிச் செடி, அதற்கு மேலே சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி. அழகு இல்லை என்று சொன்னால் என் கண் அவிந்துபோகும். ஒரு திருப்பத்தில் கீழே பள்ளம் முழுவதும் பனி அடைத்துக்கொண்டு வெள்ளையாகக் கிடந்தது. கடல் என்று ஒரு கணம் ஏமாந்தேன். பிறகு பார்த்தால் சத்தமே இல்லை. சத்தமில்லாத கடலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மேடு ஏற ஏற எனக்கு மூச்சு வாங்கியது. சின்னப்பன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். "பையனப் பாத்ததும் என்ன கேப்பீங்க?" என்றார். சைக்கிளுக்குக் காற்று அடிக்க ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எஸ்டேட் ரோட்டை விட்டுக் கால்வழி பிரிகிற இடத்தில் அந்த மரம் நின்றது. வீடியோவில் பார்த்த அதே கவட்டு, அடியில் மஞ்சள் பூசிய கல். ஆனால் கொப்பு ஒன்று இல்லை. நூறு இருக்கும், இருநூறு இருக்கும். காய்ந்தது, பழுத்தது, அன்று காலை முறித்தது என்று மரமே தெரியாமல் தொங்கியது. எங்களோடு வந்தவர்கள் ஆளுக்கொன்று முறித்துப் போட்டார்கள். ஒவ்வொருவரும் மரத்தை உள்ளங்கையால் தட்டினார்கள். இரண்டு தட்டு.

"இது என்ன வழக்கம்?" என்று முன்னால் நின்ற ஒருவரைக் கேட்டேன்.

"பாட்டன் காலத்துல இருந்து வர்ற வழக்கமுங்க," என்றார் அவர் கூசாமல்.

"அதுக்கும் முந்தியிருந்துங்க," என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

என் சாட்சி, என் ஒரே சாட்சி, அந்த மலையில் எல்லாருக்கும் பொதுவானது. இதற்காகவா விசா வாங்கினேன், இதற்காகவா அந்த மனுசியை நோயோடு தனியே விட்டுவிட்டு வந்தேன்? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பக்கத்து டீக்கடை பெஞ்சில் போய் விழுந்தேன். கடைக்கார ராசம்மா டீயை ஆற்றிக்கொண்டே அந்த இருவரையும் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"பாட்டன் காலமாம், பாட்டன் காலம்! ஏனுங்க, நான் இங்க கடை போட்டே ஆறு வருசம் ஆகுது. நான் வந்தப்ப இந்த மரத்துல தொங்கவிட்ட எலை ஒண்ணு கெடையாது. சிலோனுதானுங்க மொதமொதல்ல தொங்கவிட்டான். அவன் தட்டறதப் பாத்து இவங்களும் தட்டுனாங்க. இப்பக் கேட்டா பாட்டனாம்!"

அப்படியென்றால் அவன்தான். அவன் ஒருவன்தான். டீயை மறந்து எழுந்து ரோட்டைப் பார்த்தேன். ராசம்மா கிளாஸை வாங்கி வைத்தாள். "உக்காருங்க. வந்துருவான்," என்றாள்.

மத்தியானம் தாண்டி, கீழிருந்து ஒரு மொபெட் சத்தம் வந்தது. வண்டியை ஸ்டாண்ட் போடக்கூட நிற்காமல் அப்படியே சாய்த்துவிட்டு ஒருவன் ஓடி வந்தான். அதே முதுகுக்குரிய ஆள்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தவன், பெஞ்சிலிருந்து எழுந்த என்னைக் கண்டதும் நாலு முழம் முன்னால் நின்றுவிட்டான்.

சசி இல்லை.

அதை அறிய எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு நொடியில் நான் பார்த்தது வேறொன்று. என் முகத்தில் என்ன நடந்ததோ, அது அப்படியே அவன் முகத்திலும் நடந்தது. வெளிச்சம் அணைந்த வீடு மாதிரி ஆனது அந்த முகம்.

"நீங்கள்..." என்றான். "நீங்கள் என்ர அப்பா இல்லை."

சின்னப்பன் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் என் காலடியில், மண்ணில் உட்கார்ந்தான்.

அவன் பெயர் தயா, இலங்கையின் வடக்கே வன்னிப் பக்கம். பதினொரு வயதில் தாயோடு வள்ளத்தில் ஏறி மன்னாரால் இந்தியாவுக்கு வந்தவன். தகப்பன் வன்னிக் காட்டு ரோட்டில் லொறி ஓடினவர். "அடுத்த வள்ளத்தில வாறன் எண்டு சொல்லி அம்மாவையும் என்னையும் ஏத்திவிட்டவர்," என்றான். அடுத்த வள்ளம் வரவே இல்லை. தாய் கேம்பிலேயே இறந்துவிட்டாள்.

"அப்பா காட்டுக்குள்ள லொறியை விட முந்தி ஒரு கொப்பு தொங்கவிட்டு, மரத்தில ரெண்டு தட்டுத் தட்டுவார். தட்டாட்டிப் பிள்ளையாருக்குக் கேக்காது எண்டுவார். அவர் உயிரோட இருந்தா லொறிதான் ஓடுவார், வேற தொழில் தெரியாது. இந்த எஸ்டேட் ரோட்டால எவ்வளவு லொறி போகுது. ஒருநாள் அவர் இதால வந்தா, கொப்பைக் கண்டு நிப்பார். ஆர் கட்டினது எண்டு கேப்பார். அதுக்காகத்தான் ஐயா தொங்கவிட்டனான்."

கேட்டார்தான். ஒரு தகப்பன் கொப்பைக் கண்டு, கடல் தாண்டி வந்து, யார் கட்டினது என்று கேட்டார்தான். அது அவன் தகப்பன் இல்லை, அவ்வளவுதான்.

"முதல் ரெண்டு வருசம் என்ர கொப்பு மட்டும்தான் இருந்தது," என்றான் மரத்தைப் பார்த்து. "இப்ப எல்லாரும் தொங்க விடுகினம். இதில என்ர எது எண்டு எனக்கே தெரியாது. அப்பா வந்தாலும் ஊர் வழக்கம் எண்டு நினைச்சுப் போயிடுவார்."

"நான் என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்க வேணும், தம்பி," என்றேன். "வேணுமெண்டுதான் சொல்லாமல் விட்டேன். என்னை மன்னிச்சுக்கொள்."

மொபெட் ஹாண்டிலில் ஒரு துணிக்கடைப் பை தொங்கியது. அதன் வாயில் ஒரு புதுச் சாரம், அங்கே லுங்கி என்பார்கள், எட்டிப் பார்த்தது. மடிப்புக் கலையாத நீலக் கட்டம். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்ததும் எழுந்து போய், அதை உள்ளே அழுத்திப் பையின் வாயை முடிந்தான். அப்பாவுக்கென்று வாங்கிய அதை அவன் எனக்குத் தரவில்லை. தரக்கூடாது என்பது எனக்கும் தெரியும்.

நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒரு எள்ளுருண்டை எடுத்துத் தின்றான். "அம்மாவும் இப்படித்தான் சர்க்கரை கூடப் போடுவா," என்றான்.

இனி மேலே போய் என்ன என்றுதான் இருந்தது எனக்கு. ஆனால் தயா ஒரு கொப்பை முறித்து மரத்தில் இடம் தேடித் தொங்கவிட்டான். தட்டினான். பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் போனேன். உச்சியில் மொட்டைப் புல்வெளி, காற்று ஆளைத் தள்ளியது. ராட்டினமும் வளையல் கடையும் பொரிக் கடையுமாகத் திருவிழா தன்பாட்டில் நடந்தது. கோயில் ஒரு குகை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவிரி அம்மனும். அந்தக் குகையிலிருந்து காவிரிக்கு வழி போகிறதாம், சின்னப்பன் சொன்னார். பதினெட்டு வருடம் ஒவ்வொரு சாமியிடமும் ஒரே ஒரு வேண்டுதல் வைத்திருந்தவன் நான். அன்றைக்குச் சேர்வராயன் முன்னால் கேட்க ஒன்றும் இல்லாமல் நின்றேன். பக்கத்தில் தயா கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டான். அவனிடம், போதும், இனி விட்டுவிடு, யாரும் வரமாட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். எந்த வாயால் சொல்வது?

வெளியே வந்து, போனில் சிக்னல் கோடு விழுந்த இடத்தில் நின்று பரமேஸைக் கூப்பிட்டேன்.

"அவனில்ல," என்றேன்.

"அப்ப ஆராம்?"

"தகப்பனத் தேடுற ஒரு பிள்ள. என்னத் தன்ட தகப்பனெண்டு நினச்சு ஓடி வந்தான்."

"ஐயோ," என்றாள். சொந்தப் பிள்ளை இல்லை என்றதற்குச் சொல்லாத ஐயோவை அதற்குச் சொன்னாள். பிறகு, "எள்ளுருண்டை குடுத்தீங்களா?" என்றாள்.

"எட்டுத்தான் மிஞ்சிச்சு. மத்ததக் குரங்கு பறிச்சிட்டு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. டாக்டர் அழக்கூடாது என்று சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது. நான் தடுக்கவில்லை.

ஊர் திரும்பி ஒன்பதாம் நாள், திருக்கோவில் கடற்கரையில் பரமேஸும் நானும் ஐயரும். வெயில் ஏறவில்லை. கதிர்காமத்துக்குப் போகிற முதல் கூட்டம் தூரத்தில் கரையோரமாக வந்துகொண்டிருந்தது. ஐயர் தர்ப்பையை என் விரலில் போட்டார். பெயர் கேட்டார், சொன்னேன். பிறகு இறந்த திதி என்ன என்று கேட்டார்.

நான் விரலில் கிடந்த தர்ப்பையைத் திருகினேன். ஐயர் நல்லவர். எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத வீடுகள் எத்தனை என்று அவருக்குத் தெரியும். "தெரியாட்டி ஒண்டும் இல்லை," என்றார் மெல்ல. "இப்படிப் போனவர்களுக்கு நாங்க அமாவாசையில வைக்கிறதுதான்."

"இல்லை, தெரியும்," என்றேன்.

பரமேஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சேர்வராயன் திருவிழா நடந்த தேதியைச் சொன்னேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். புரட்டிய கை நின்றது.

"இது இந்த மாதம்தானே, அண்ணே?" என்றார். "பிள்ளை போய்ப் பதினெட்டு வருசமெண்டு சொன்னாங்க?"

"அதையே எழுதுங்க, ஐயா," என்றேன். "அண்டைக்கு மத்தியானம் வரைக்கும் அவன் உயிரோடதான் இருந்தான்."